நாலு குப்பைத் தொட்டியும் ஒரு மாப்பிள்ளையும்

கடைக்குள் நுழைந்ததும் வலது கைப்பக்கம் நாலு குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. பச்சை, நீலம், மஞ்சள், சாம்பல். காலை நேரத்துக் கூட்டம் என்று ஒன்று முன்பு இருந்தது. அது இல்லாத ஒரு காலையில் மாமனார் கையில் ஒரு ஈர டிஷ்யூவோடு அந்தத் தொட்டிகளின் முன்னால் நின்றார். காகிதம் என்றால் நீலம். ஈரம் என்றால் பச்சை. இதுவோ ஈரமான காகிதம். போதாக்குறைக்கு அதில் காபி வேறு ஊறியிருந்தது. கரும்பலகைக்கு அழைக்கப்பட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல முழி முழி என்று முழித்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் டிஷ்யூவை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் ஏற்கெனவே சில டிஷ்யூக்கள் இருந்தன.

தலை நரைக்கும்வரை காபி போட்ட மனிதர் அவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் கடை. கண்ணை மூடிக்கொண்டு பாலைச் சூடாக்குவார். நுரையின் சத்தத்தை வைத்தே பதம் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவர் தன் சொந்தக் கடையிலேயே விருந்தாளி மாதிரி தடுமாறுகிறார் என்றால், அதற்குக் காரணம் வெளியாள் யாருமில்லை. வீட்டு மாப்பிள்ளைதான்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய சங்கடம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அவர் வேலை பார்த்த அலுவலகத்தை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். மகள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேரும் பெட்டி படுக்கையோடு வந்து கடைக்கு மேலே இருந்த வீட்டில் மாமனாரோடு குடியேறினார்கள். மனைவி போன பிறகு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்கு அது வாராது வந்த சந்தோஷம். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. குளியலறைக்கு வரிசையில் நிற்பதுகூட அவருக்குப் பிடித்திருந்தது.

வந்த அன்றே மகள் அவரைத் தனியாகச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அப்பா, வேலை போன மனுஷன். மாமனார் வீட்டுல வந்து உக்காந்துட்டோமேன்னு ஏற்கெனவே கூனிக் குறுகிப் போயிருக்கார். அவர் எது சொன்னாலும் ஏன், எதுக்குன்னு கேட்டுடாதீங்க."

"நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்?"

"அவரோட ஃப்ரெண்டு ஒருத்தர் வேற ஊருக்கு வா, வேலை வாங்கித் தர்றேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். இங்க மனசு நொந்துச்சுன்னா கிளம்பிடுவார். அவர் கிளம்பினா நானும் கிளம்பணும். உங்களுக்கு அது பரவாயில்லைன்னா சொல்லுங்க."

மாமனாரால் அதைத் தாங்க முடியாது. அந்த ஊருக்குப் போய்ச் சேரவே முழு நாள் ரயிலில் உட்கார வேண்டும். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார்: மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மாப்பிள்ளை கடைக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் பின்கட்டிலிருந்து பெரிய குப்பைப் பையை வாசலுக்கு இழுத்து வந்தவர், மூச்சு வாங்க நின்று, "இவ்வளவு கப்பும் குப்பைக்குத்தான் போகுதா மாமா?" என்று கேட்டார்.

கேட்டது அவ்வளவுதான். மாமனாருக்கோ அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் கப் கப்பாகக் குப்பை போட்டிருக்கிறோமே, மாப்பிள்ளை நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று குமைந்தார். மறுநாள் காலையில் காகிதக் கப் அடுக்கு மொத்தத்தையும் கட்டி, கப் விற்ற கடைக்காரரிடமே திருப்பி அனுப்பிவிட்டு, "இனிமே நம்ம கடையில பேப்பர் கப்பு கிடையாது மாப்பிள்ளை" என்று நிமிர்ந்து நின்றார்.

மாப்பிள்ளை ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு தலையாட்டினார். "நல்ல முடிவு மாமா. அந்தக் கப்போட உள்பக்கம் லேசா பிளாஸ்டிக் பூசியிருப்பாங்களாம். அதனால சீக்கிரம் மக்காதாம். எங்கயோ படிச்சேன்."

அடேயப்பா, எவ்வளவு விஷயம் தெரிகிறது என்று மாமனார் வியந்தார். இவ்வளவு தெரிந்தவரை இதோடு விட்டால் மரியாதையாக இருக்குமா? பந்தியில் உட்கார்ந்தவரிடம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பது போல, "வேற என்ன செய்யலாம் மாப்பிள்ளை?" என்று கேட்டுவைத்தார்.

அந்தக் கேள்விதான் வினை. கேட்டவர் மாமனார்; பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளை போனைத் தடவிப் பார்த்து, "ஸ்ட்ராவை நிறுத்திடலாம் மாமா" என்றார். ஸ்ட்ரா நின்றது. மறுநாள் காலையில் மாமனார் மறுபடியும் கேட்டார். மிச்சம் கிடந்த கப் மூடிகளும் நின்றன. சர்க்கரைப் பொட்டலம் நின்று, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியும் ஒரே ஒரு கரண்டியும் வந்தன. ஏ.சி. நின்றது. பாதி விளக்குகள் நின்றன. பிறகு இந்த நாலு தொட்டிகள் வந்தன. பால் பாக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் நல்லது என்று ஒரு நாள் பதில் வந்தது. அன்றிலிருந்து பின்கட்டுக் கொடியில் துணிக்குப் பதிலாகப் பால் பாக்கெட்டுகள் வரிசையாகக் காற்றில் ஆடின. காபிச் சக்கை செடிக்கு உரம் என்றார் மாப்பிள்ளை. அதை வாளி வாளியாகச் சேர்த்துவைத்தார்கள். எடுத்துப் போவதாகச் சொன்ன நர்சரிக்காரர் வந்தபாடில்லை. வாளிகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது.

ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். மாப்பிள்ளையும் மாமனாரின் முகத்தைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். ஆகா, மனுஷன் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று மாமனார் நினைத்துக்கொள்வார்.

கப் விவகாரம் வேறு தலையைச் சுற்ற வைத்தது. வாடிக்கையாளர்கள் அவரவர் கப்பைக் கொண்டுவர வேண்டும் என்று பலகை வைத்தாயிற்று. மூலைக்கடைத் தையல்காரர் குழம்பு வைக்கிற அளவுக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு காபி" என்றார். ஒரு காபி என்றால் எவ்வளவு? பாத்திரத்தின் அடியில் அது ஒரு சொட்டு மாதிரி கிடந்தது. "என்ன இது, நாக்குல தடவிக்கவா?" என்று அவர் கத்தினார். டாக்ஸிக்காரர் பிளாஸ்க் மூடியை நீட்டினார். அவசரத்தில் ஓடிவந்த ஓர் அம்மா கைப்பையைத் துழாவி, குழந்தையின் பால் புட்டியை எடுத்து நீட்டினாள். மாமனார் அந்தச் சின்ன வாய்க்குள் காபியை ஊற்றுவதற்குள் அவளுடைய பேருந்து போய்விட்டது.

இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. தினமும் சுமக்க யாரால் முடியும் என்று ஆளாளுக்குக் கப்பைக் கடை அலமாரியிலேயே விட்டுப் போனார்கள். வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவுடையதும் வெள்ளைக் கப், ஸ்டேஷனரி கடைக்காரருடையதும் வெள்ளைக் கப். யாருடையது எது என்று மாமனாருக்கு இன்றுவரை தெரியாது. இத்தனை நாளாக ஒருவர் கப்பில் ஒருவர் குடித்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் வெளிப்பட்டபோது, அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு போனவள் போனவள்தான்.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் காபிக்கடை வைத்திருந்தார். அவருடைய காபி சுமார்தான். ஆனால் கேட்டவுடன் கையில் கொடுத்தார். எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. மாமனார் கடையில் ஈ ஓட்டலாம் என்றால், தொட்டிகளையெல்லாம் இறுக்கி மூடிவைத்ததில் ஈயும் வரவில்லை.

ஒரு நாள் தையல்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "பேசாம கடையையே மூடிடுங்களேன். பூமிக்கு இன்னும் நல்லதாச்சே."

மாமனாருக்குத் திக்கென்றது. தையல்காரர் சொன்னதற்காக இல்லை. மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் வழக்கம்போல 'வேற என்ன செய்யலாம்' என்று கேட்டால், இதுவே பதிலாக வந்துவிடுமோ? கேட்காமல் விட்டாலும் தப்பு. என்ன இவர் நம்மை மதிக்கவில்லை என்று தோன்றிவிடும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

காலைப் பணிக்குக் கிளம்பிய மகளிடம் பேசிப் பார்க்கலாம் என்று படியில் மறித்தார். "அம்மாடி, இந்தக் கடை விஷயம்…"

"அப்பா, ப்ளீஸ்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள். "ரொம்ப நாளைக்கப்புறம் இப்பத்தான் அவர் காலையில தானா எழுந்து கிளம்புறார். எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க."

சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு கடைக்கு இறங்கினார். மதியம் வாசலுக்கு வெளியே மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் முடிவு பண்ணலடா… ஆமா, யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்… இங்க எனக்கு என்ன வேலை இருக்குன்னு எனக்கே தெரியல. சாயங்காலம் சொல்லிடறேன்."

மாமனார் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொன்னதையெல்லாம் செய்தோமே, எங்கே குறை வைத்தோம்? மூடியை நிறுத்தினோமே, விளக்கை அணைத்தோமே, பால் பாக்கெட்டைக் கூடத் துவைத்துப் போட்டோமே! யோசிக்க யோசிக்கத் தலைவலி வந்தது. ஒரு காபி குடித்தால் தேவலை. ஆனால் மதியத்தில் கூட்டம் இல்லாத நேரம் மெஷினை அணைத்துவைக்க வேண்டும் என்பது சமீபத்திய ஏற்பாடு. மெஷின் சில்லென்று கிடந்தது. தானே போய்ப் போடலாம்தான். மாப்பிள்ளை பார்த்தால்?

நல்லவேளையாக மாப்பிள்ளையே வந்து, "மாமா, அந்த நர்சரிக்காரரை நேர்ல பாத்துக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். போகும்போது கண்ணைப் பார்க்கவில்லை. அவர் தலை மறைந்ததும் மாமனார் கடையைச் சாத்தி, 'பல் டாக்டரிடம் போயிருக்கிறேன்' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, நேராகச் சாலையைக் கடக்காமல் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மீசைக்காரர் கடையின் பக்கவாட்டு வாசலில் நுழைந்தார். சொந்த ஊரில் திருடன் மாதிரி.

உள்ளே அவருடைய கடையே உட்கார்ந்திருந்தது. தையல்காரர், டாக்ஸிக்காரர், வங்கி அம்மா. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். உடனே எல்லோரும் அவரவர் கப்புக்குள் பார்த்தார்கள். மீசைக்காரர் ஒரு காகிதக் கப்பில் காபியை நிரப்பி நீட்டினார். அந்தச் சூடு விரல்களில் ஏறியபோது மாமனாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. யார் கண்ணிலும் படாமல் குடிக்க, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்த மூலைக்கு நகர்ந்தார்.

அங்கே சுவரைப் பார்த்தபடி ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் காகிதக் கப். அதற்கு மூடி. மூடியில் ஸ்ட்ரா.

மாப்பிள்ளை.

கையும் களவுமாக என்பார்களே, இங்கே இரண்டு பேருக்கும் கையும் கப்புமாகப் போயிற்று. மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்து, முழங்காலைக் குளிர்பெட்டியில் இடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"நர்சரி…" என்றார்.

"பல்லு…" என்றார் மாமனார்.

பிறகு மாப்பிள்ளை ஸ்ட்ராவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "மாமா, தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? உங்களுக்கு எப்ப இருந்து இந்தச் சுற்றுச்சூழல் மேல இவ்வளவு வெறி?"

"எனக்கா?"

"நீங்கதானே தினமும் வேற என்ன, வேற என்னன்னு என்னை உலுக்கி எடுக்கறீங்க? நான் பாத்ரூம்ல உக்காந்து போனைப் பாத்துப் படிச்சுட்டு வர்றேன். இன்னிக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம காலையில வயித்தைக் கலக்குது மாமா."

"நீங்கதானே மாப்பிள்ளை ஆரம்பிச்சீங்க? இவ்வளவு கப்பும் குப்பைக்கான்னு கேட்டீங்களே!"

"அந்தப் பை கனமா இருந்துச்சு மாமா. தூக்க முடியல. அதான் கேட்டேன்."

மாமனார் சுவரில் சாய்ந்துகொண்டார். கனமா இருந்ததா! ஒரு மனிதனுக்குக் கை வலித்ததற்காகவா தெரு முழுக்கப் பேச்சு வாங்கினோம்?

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"எப்படிச் சொல்றது? உங்க பொண்ணு வந்த அன்னிக்கே சொல்லிட்டா. அப்பாவுக்கு நம்மளை விட்டா யாரும் இல்ல, அவர் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லிடாதீங்க, மனசு உடைஞ்சு போயிடுவார்னு."

மாமனாருக்குச் சிரிப்பதா, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மகளின் காதைத் திருகுவதா என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது மட்டும் நிஜம். "சரி, விடுங்க. போனது போகட்டும். நாளைக்கே பேப்பர் கப்புக்குச் சொல்லிடறேன். எல்லாம் பழையபடி நடக்கட்டும்."

"சரி மாமா" என்றார் மாப்பிள்ளை, பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டுக் கையிலிருந்த கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல மாமா. வேணாம்."

"என்னது?"

"உங்களுக்காகத்தான் படிச்சேன். ஆனா படிச்சுட்டேனே. இப்ப இதுல குடிக்கறப்ப இது எங்க போகும், எத்தனை வருஷம் கிடக்கும்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. காபி ருசிக்கவே இல்ல."

மாமனாருக்கு மறுபடியும் குழம்பியது. இப்போதுதானே எல்லாம் தெளிந்தது? "அப்ப கடை நடக்க வேணாமா? அந்த நாலு தொட்டியில எதுல எதைப் போடணும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இதைப் பாருங்க!" சட்டைப் பையிலிருந்து காய்ந்த டிஷ்யூக்களை அள்ளி ஸ்டூலில் போட்டார்.

மாப்பிள்ளை அவற்றை உற்றுப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, அதைவிடப் பெரிய ஒரு பந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "எனக்கும் தெரியாது மாமா."

"அப்ப எதுக்கு நாலு?"

"ரெண்டு போதும். நம்ம பரண்ல பழைய பீங்கான் கப்பு அடுக்கு அடுக்கா சும்மா கிடக்கு. உக்காந்து குடிக்கறவங்களுக்கு அதுல கொடுப்போம். நான் கழுவறேன்."

"பஸ்ஸுக்கு ஓடறவன்? அவன் கடையிலதான் என் பிழைப்பே ஓடுது… அவனாலதான்!" குழப்பத்தில் வார்த்தையும் புரண்டது.

"அவங்களுக்கும் நம்ம கப்பையே கொடுத்தனுப்புவோம். சாயங்காலம் இங்கதானே வந்து இறங்கறாங்க? திரும்பக் கொண்டு வரட்டும்."

"கொண்டு வரட்டுமா? உலகத்துல எவன்டா கப்பைத் திருப்பிக் கொண்டு வருவான்? உனக்கு மூளை இருக்கா?"

தையல்காரர் குடித்துக்கொண்டிருந்த வாயை அப்படியே வைத்திருந்தார். மாமனார் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐயோ, மாப்பிள்ளையையா 'டா' போட்டோம்! இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தாயிற்று. காலி வீடு கண்முன் வந்தது. சுவரைப் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். "உங்களுக்கு எதையும் ஒரு தடவை செஞ்சு பாக்கற பழக்கமே கிடையாது மாமா! முதல் நாளே இப்படிக் கத்தியிருந்தா ரெண்டு பேரும் உருப்பட்டிருப்போம்!"

"செஞ்சு பாக்கறதா? செஞ்சு பாத்துத்தானே கடை இந்த லட்சணத்துல கிடக்கு!"

"அது செஞ்சு பாத்தது இல்ல, தலையாட்டினது!"

"நீ ஆட்டலையா?"

கப்புகளைக் கையில் பிடித்தபடியே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். சாலையின் நடுவில் நின்று கத்தினார்கள். ஒரு பேருந்து ஹாரன் அடித்து அவர்களைக் கலைத்தது. பணி முடிந்து வந்துகொண்டிருந்த மகள் இதைப் பார்த்துவிட்டு, கைப்பை தோளில் அடித்துக்கொள்ள ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா! என்ன சொன்னீங்க அவரை? என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

மாமனார் பதில் சொல்ல வாயெடுத்தபோது மாப்பிள்ளையின் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். அந்த நண்பன்தான். மகள் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுடா… இல்லடா, நான் வரல." மாப்பிள்ளை இன்னும் கோபம் தணியாமல் மாமனாரைப் பார்த்தபடியே போனில் கத்தினார். "இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே புரிய மாட்டேங்குது. இவரை இப்படியே விட்டுட்டு எப்படிடா வர்றது?"

தெருவே கேட்கும்படி தன்னை மடையன் என்று சொல்லாமல் சொன்ன மருமகனை மாமனார் ஆசை தீரப் பார்த்தார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"எதுக்குப்பா சிரிக்கறீங்க?" மகள் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன நடக்குது இங்க? எனக்கு ஒண்ணுமே புரியல."

"எங்களுக்கு மட்டும் என்ன புரிஞ்சுது?" என்ற மாமனார், பூட்டைத் திறக்கச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். மாப்பிள்ளை போனை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தபடி அவர் பின்னாலேயே போனார்.